அரசாணையில் வளர்ந்த பாசம்

கொரியாக்காரன் உருப்பட்டதற்குக் காரணம் அவன் வீடு. நாம் கெட்டதற்குக் காரணம் நம் அடுக்ககம். சுருக்கிச் சொன்னால் வாதம் இவ்வளவுதான். கூடுவாஞ்சேரியில் இதைக் கேட்க எங்கும் தேடிப் போக வேண்டாம். காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்றவர்கள் பேசுகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசுகிறார். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்கள், கொரிய அதிகாரி தனக்கு மேலே இருப்பவரை இடுப்பு வளைய வணங்குவதைப் பார்த்துவிட்டு வந்து வியக்கிறார்கள். தமிழில் பேசும் கொரிய ராஜா ராணித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது மாமியார், மருமகள் காதில் விழும்படி சொல்கிறார்: “பாரு, பட்டத்து ராணியே மாமியார் முன்னாடி உட்காரமாட்டேங்கிறா.”

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். கன்பூசியஸின் போதனையை ஏற்ற சீனம், கொரியா, வியட்நாம் போன்ற முடியரசுகளில் வீடுதான் அரசின் பள்ளிக்கூடம். தகப்பன் வீட்டுக்கு ராஜா, ராஜா நாட்டுக்குத் தகப்பன். அடங்கி நடக்கத் தெரிந்த மகன் நல்ல குடிமகன் ஆனான், பிறகு நல்ல தொழிலாளி ஆனான். பெரியவர்கள் கடைசி மூச்சுவரை மதிக்கப்பட்டார்கள். நம்மிடமும் இதே கூட்டுக்குடும்பம் இருந்தது. தனிக்குடித்தனமும் பெண்கள் வேலைக்குப் போவதும் அதைக் கலைத்தன. ஆகவே திரும்பிப் போவோம். இதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். தேர்வெழுதித்தான் அதிகாரி ஆகவேண்டும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வைத்திருந்த அரசுகள் அவை. மன்னரின் தவற்றை முகத்துக்கு நேரே எடுத்துச்சொல்வதற்கென்றே கொரியாவின் ஜோசன் வம்ச அரசவையில் பதவிகள் இருந்தன. இந்த வாதத்தின் அடியில் இருக்கும் வலியும் மெய்யானது. பிள்ளைகள் டெக்ஸாஸிலும் பெங்களூரிலும் இருக்க, மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்ற பயம் இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் உண்டு. வலி உண்மை. சொல்லப்படும் வரலாறு தவறு. அந்த வரலாற்றை நம்பி எழுதப்படும் மருந்துச் சீட்டு அதைவிடத் தவறு.

1. தொன்றுதொட்டு வந்ததாம்

1428இல் கொரியாவின் ஜின்ஜு என்ற ஊரில் ஒருவன் தன் தகப்பனைக் கொன்றான். செய்தி செஜோங் மன்னருக்குப் போனது. மன்னர் கலங்கிப்போய் அமைச்சர்களோடு ஆலோசித்தார். அதன் விளைவு 1434இல் வெளிவந்த ஒரு படப்புத்தகம். பெற்றோருக்காகத் தன்னை வருத்திக்கொண்ட மகன்கள், அரசனுக்காக உயிர்விட்ட குடிகள், கணவனுக்காக மாண்ட மனைவிகள் ஆகியோரின் கதைகள். எழுத்தறியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் படம். 1481இல் பெண்களும் படிப்பதற்காகக் கொரிய எழுத்தில் ஒரு பதிப்பு. ரத்தத்திலேயே ஊறிய பண்பு என்றால், அதைப் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டிய தேவை ஓர் அரசுக்கு ஏன் வந்தது?

தேவை இருந்தது. 1392இல் ஜோசன் வம்சம் ஆட்சிக்கு வந்தபோது கொரியக் குடும்பம் வேறு மாதிரி இருந்தது. அதற்கு முந்தைய கோர்யோ காலத்தில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் அம்மாவழித் தாத்தா வீட்டில் வளர்ந்தார்கள். சொத்தில் மகளுக்கும் பங்கு. முன்னோர் சடங்கை மகனும் மகளும் முறை வைத்துச் செய்தார்கள். இன்று கிடைக்கும் கொரிய வம்சாவளி நூல்களில் மிகப் பழையது 1476இல் வெளிவந்த ஆண்டோங் க்வோன் குலத்தினுடையது. அதில் பிள்ளைகள் பிறந்த வரிசையில் இருக்கிறார்கள், மகன் முன்னே மகள் பின்னே என்று இல்லை. மகள் வயிற்றுப் பேரன் பேத்திகளும் வரிசையாக இருக்கிறார்கள். மறுமணம் செய்துகொண்ட மகளின் இரண்டாவது கணவர் பெயர்கூட ஒளிக்கப்படவில்லை. 1485இல் முழுமை பெற்ற ‘க்யோங்குக் தேஜோன்’ என்ற சட்டத்தொகுப்பும் முறையான மனைவியின் பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமபங்கு என்றே எழுதியது. சடங்கை ஏற்று நடத்தும் மகனுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

கொரியாவின் ஐம்பதாயிரம் வோன் நோட்டில் இருக்கும் பெண்மணி ஷின் சைம்தாங் (1504–1551). ஓவியர். நல்ல மனைவி, அறிவான தாய் என்பதற்கு அந்த நாடு காட்டும் முன்மாதிரி. ஐயாயிரம் வோன் நோட்டில் இருப்பவர் அவர் மகன் யி இ, யுல்கோக் என்ற பெயரால் அறியப்படும் கன்பூசியப் பேரறிஞர். தாயும் மகனும் ஒரு நாட்டின் பணத்தில். நம் பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் முழுக் கதையையும் கேட்க வேண்டும். கல்யாணமான பிறகும் சைம்தாங் நெடுங்காலம் இருந்தது காங்நுங்கில், தன் தாய்வீட்டில். 1536இல் யுல்கோக் பிறந்ததும் அங்கேதான். அந்த வீடே தலைமுறைகளாக மகள்கள் வழியாகக் கைமாறி வந்தது. நம் ஊரில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று எதைச் சொல்லிச் சிரிக்கிறோமோ, அந்த ஏற்பாட்டில்தான் கன்பூசிய உலகின் பெரிய மூளைகளில் ஒன்று வளர்ந்தது. யுல்கோக்கும் உடன்பிறந்தவர்களும், நான்கு ஆண் மூன்று பெண், 1566இல் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் இன்றும் தேசியச் செல்வமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஏழு பேருக்கும் சமபங்கு.

பிறகு எப்படி மாறியது? அரசாணையால் மாறியது. 1477இல் சொங்ஜொங் மன்னர் விதவை மறுமணத்தை விவாதத்துக்கு வைத்தார். இரண்டாவது திருமணத்தை விட்டுவிடலாம், மூன்றாவதைத் தண்டிக்கலாம் என்றுதான் அமைச்சர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். மன்னர் சிறுபான்மையின் பக்கம் சாய்ந்தார். மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் மகன் அரசுப் பதவிக்கு வர முடியாது என்று ஆயிற்று. எவ்வளவு நுட்பமான கொடுமை பாருங்கள். தண்டனை பெண்ணுக்கு அல்ல, அவள் பிள்ளைக்கு. எந்தத் தாய் துணிவாள்? அந்தத் தடை 1894 சீர்திருத்தத்தில்தான் நீங்கியது. பதினேழாம் நூற்றாண்டுக்குள் மகளின் பங்கு தேய்ந்து, சடங்கு மூத்த மகனின் தனிச்சொத்தாகி, மருமகள் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தொடர்களில் நாம் பார்த்து உருகும் ‘ஆதிகாலக் குடும்பம்’ நம் திருமலை நாயக்கர் காலத்தில் உருவான புது ஏற்பாடு.

2. மூத்தவருக்கு மரியாதை, சின்னவருக்கு?

மரியாதை என்பது இரண்டு பக்கம் போக வேண்டும் என்று கன்பூசிய நூல்கள் சொல்லவில்லையா? சொல்கின்றன. மகனுக்குரிய கடமைகளைப் பேசும் நூலிலேயே, தகப்பன் அநியாயம் செய்தால் மகன் எதிர்த்துப் பேச வேண்டும் என்று ஒரு பகுதி உண்டு. நூலில் இருந்தது சட்டத்தில் இல்லை. சீனத்தின் சிங் அரசில் பெற்றோரை அடித்த மகனுக்குத் தலை போகும். அடங்காத மகனைத் தண்டிக்கும்போது அவன் தற்செயலாகச் செத்துப்போனால் தகப்பனுக்குத் தண்டனையே கிடையாது. தகப்பன் மீது மகன் வழக்குக் கொடுத்தால், புகார் உண்மையாகவே இருந்தாலும் நூறு அடியும் மூன்று ஆண்டுக் கடும் உழைப்பும் மகனுக்குத்தான். ராஜதுரோகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அதாவது ராஜாவுக்கு ஆபத்து என்றால் அப்பாவைக் காட்டிக்கொடுக்கலாம். வீடு அரசின் பள்ளிக்கூடம் என்கிறார்களே, பாடத்திட்டம் இதுதான்.

மருமகளுக்கு வருவோம். மனைவியைத் தள்ளிவைக்க ஏழு காரணங்கள் வகுக்கப்பட்டிருந்தன: மாமனார் மாமியாருக்கு அடங்காமை, ஆண் பிள்ளை பெறாமை, பிறன் தொடர்பு, பொறாமை, தீராத நோய், வாயாடித்தனம், திருட்டு. கணவன் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்தால் வருத்தப்படுவது நாலாவது குற்றம். வருத்தத்தைச் சொன்னால் ஆறாவது. அந்த இன்னொருத்தியின் பிள்ளைகளுக்கோ உயர் அதிகாரத் தேர்வின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. கொரியர்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்த ஹோங் கில்தோங் கதையின் நாயகன், அப்பாவை ‘அப்பா’ என்று கூப்பிட உரிமையில்லாத பிள்ளை.

இதெல்லாம் மேல்தட்டின் கதை. அதற்குக் கீழே நோபி என்ற அடிமைகள் இருந்தார்கள். ஜோசன் ஆட்சியின் சில காலங்களில் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அடிமைத் தாயின் பிள்ளை தாயின் எஜமானுக்குச் சொந்தம். நான் மெச்சிப் பேசிய அந்த 1566 பாகப்பிரிவினையில் நிலத்தோடு சேர்த்து ஏழு பேருக்கும் பங்கிடப்பட்டவர்களில் இவர்களும் உண்டு. மூன்றில் ஒருவருக்குத் தன் குழந்தைமீதே உரிமை இல்லாத ஒரு நாட்டைக் ‘குடும்பத்தைப் போற்றிய நாடு’ என்று சொல்ல எப்படி நாக்கு வருகிறது?

மேல்தட்டிலும் மேலே, அரண்மனைக்குள் போனாலும் நிழல் இல்லை. 1762இல் யோங்ஜோ மன்னர் தன் மகனான பட்டத்து இளவரசர் சாதோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்தார். கோடைக்காலம். எட்டாம் நாள் இளவரசர் இறந்துபோனார். சாதோ மனநோயால் தவித்தவர், அரண்மனை ஊழியர்களைக் கொன்றவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த நோய்க்குள் அவரைத் தள்ளியதில், சிறு வயதிலிருந்தே எல்லார் முன்னும் அவரைச் சிறுமைப்படுத்திய தகப்பனுக்கும் பங்கு உண்டு என்று பின்னாளில் எழுதிவைத்தவர் சாதோவின் மனைவி ஹ்யேக்யோங் சீமாட்டி. வெளிப்படையாக விசாரித்துத் தண்டித்தால் பேரன் குற்றவாளியின் மகனாகிவிடுவான், பட்டம் போய்விடும். அதனால்தான் பெட்டி. ‘தி த்ரோன்’ என்ற படமாகவும் 2015இல் இது வந்தது. நம் வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் ‘பாவம் அந்த அப்பா’ என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

3. ‘நம்மைப் போலத்தான்’

எந்த விதத்தில்? தாய்மாமன் மகளை முறைப்பெண் என்கிறோம். கல்யாணப் பேச்சில் அவளுக்குத்தான் முதல் உரிமை என்று சண்டை போட்ட ஊர் இது. ஜோசன் கொரியாவில் அதைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள். தாய்வழி உறவில்கூட மணமில்லை. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் இருந்தால், முன்பின் பார்த்தேயிராத இரண்டு பேர்கூட மணக்க முடியாது என்ற தடை தென்கொரியச் சட்டத்திலேயே இருந்தது. 1997இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. சீனத்தில் தகப்பன் சொத்து மகன்களுக்குச் சமமாகப் பிரியும். அதனால்தான் ஐந்து தலைமுறை ஒரே கூரை என்பது ஓவியத்தில் இருந்தது, சராசரி வீட்டில் இருந்தது ஏறக்குறைய ஐந்து பேர். ஜப்பானில் வீடு ஒருவருக்கே போகும். மகன் சரியில்லை என்றால் கெட்டிக்கார மருமகனைத் தத்தெடுத்து வீட்டுப் பெயரையே அவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். குலத்துக்கு வெளியே தத்தெடுப்பதைச் சீனச் சட்டம் குற்றமாக்கியது. வியட்நாமில் பதினைந்தாம் நூற்றாண்டு லே வம்சச் சட்டம் மகளுக்குச் சொத்து கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுயென் வம்சத்து கியா லாங் மன்னர் சீனச் சட்டத்தைப் பார்த்து எழுதி அதைச் சுருக்கினார். ‘கன்பூசியக் குடும்பம்’ என்று ஒன்றைத் தேடிப் போனால் நான்கு நாடு, நாலு விதம்.

கொரியாவோடு நமக்கு ரத்த உறவு உண்டு, நம் இளவரசிதான் கடல் கடந்து போய் அங்கே ராணியானாள் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் ‘சாம்குக் யுசா’ சொல்லும் அந்த ஹோ ஹ்வாங்-ஓக் அயுத்தா என்ற நாட்டிலிருந்து வந்தவள். அவளைத் தமிழ்நாடும் கேட்கிறது, அயோத்தியும் கேட்கிறது, வழக்கு நடக்கட்டும். ஆனால் கொரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதையில் அவளுடைய மகன்களில் இருவர் தாயின் குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் தாங்கிய குலம் இன்றும் இருக்கிறது. உரிமை கொண்டாடுகிறவர்கள் அந்தப் பகுதியையும் சேர்த்துக் கொண்டாடலாமே.

4. ‘அதனால்தான் முன்னேறினார்கள்’

அப்படியானால் வடகொரியா ஏன் முன்னேறவில்லை? அதே மக்கள், அதே ஐந்நூறு ஆண்டு ஜோசன், அதே தகப்பன், அதே மருமகள். வடக்கே ஒரு முடிவு, தெற்கே இன்னொன்று. இந்த ஒரு கேள்விக்கே வாதம் விழுந்துவிட வேண்டும். விழாததற்குக் காரணம், ஆராய்ந்து யாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

1915இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் சீனத்தைப் பற்றி எழுதினார். அங்கே முதலாளித்துவம் தழைக்காததற்குக் கன்பூசிய மனப்போக்கும் குலக்கட்டும் பெரிய காரணம் என்றார். எழுபது ஆண்டு கழித்து கொரியாவும் தைவானும் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் செழித்தபோது, அதே கன்பூசிய மனப்போக்குதான் காரணம் என்று வேறு அறிஞர்கள் எழுதினார்கள். ஏழ்மைக்கும் அதுவே காரணம், செல்வத்துக்கும் அதுவே காரணம் என்றால் அது எதற்குமே காரணம் இல்லை என்று பொருள். 1994இல் லீ குவான் யூ மேற்கத்திய நாடுகளுக்கு ஆசியக் குடும்பப் பண்பாட்டைப் பாடம் எடுத்தபோது, அதே அமெரிக்க இதழில் அதே ஆண்டில் மறுத்து எழுதியவர் ஒரு கொரியர், பின்னாளில் அதிபரான கிம் தே-ஜுங்.

தென்கொரியாவைத் தொழில் நாடாக்கிய பார்க் சுங்-ஹீ பழைய குடும்பத்தை எப்படி நடத்தினார் என்பதையும் நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 1969இல் குடும்பச் சடங்குகளைச் சுருக்கச் சட்டம் கொண்டுவந்தார், 1973இல் அதை இறுக்கினார். கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சடிப்பதும் வந்தவர்களுக்கு விருந்து வைப்பதும்கூட அந்தச் சட்டத்தின் பிடியில் வந்தன. ஜி.எஸ்.டி. சாலை மண்டபங்களில் ‘கொரியாவைப் பார்’ என்று பேசுகிறவர்கள் அந்தக் கொரியாவில் பந்திக்கே உட்கார்ந்திருக்க முடியாது.

உழைத்தவர்கள் யார் என்றும் பார்ப்போம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கிராமத்திலிருந்து சியோலின் தையல் கூடங்களுக்கும் சவுரிமுடித் தொழிற்சாலைகளுக்கும் வந்த இளம் பெண்கள். பலர் தம்பியின், அண்ணனின் படிப்புச் செலவுக்காகச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பினார்கள். நிமிரக்கூட முடியாத தாழ்ந்த கூரைகளின் கீழ் அந்தப் பெண்கள் தைத்துக்கொண்டிருப்பதைச் சகிக்காமல், தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்து என்று முழங்கித் தீக்குளித்தார் ஜோன் தே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி. 1970 நவம்பர் 13. ‘குடும்பத்துக்காகத் தியாகம்’ என்ற சொல்லுக்கு அங்கே முகம் இருந்தது. அது பெரும்பாலும் அக்காவின் முகம்.

அந்த வீட்டுப் பாடம் தொழிற்சாலைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரியாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நிறுவனம் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் சங்கம் எதற்கு என்பது பல பத்தாண்டுகள் சாம்சங்கின் கொள்கை. 2020 மே மாதம் அதன் அப்போதைய துணைத் தலைவர் லீ ஜே-யோங் மன்னிப்புக் கேட்டு அதைக் கைவிடுவதாக அறிவித்தார். நான்கு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. குனிந்து வணங்குவதை வியந்தவர்கள், நிமிர்ந்து கேட்டவர்களை வழியில் பந்தலடியில் பார்த்திருப்பார்கள்.

5. கைவிடப்படாத முதியோர்

இதுதான் எதிர்த் தரப்பின் உயிர்நாடி. நேராகவே கேட்கிறேன்: பெற்றோரைப் போற்றுவதே முதல் அறம் என்று ஐந்நூறு ஆண்டு ஓதிய நாட்டில் இன்று முதியோர் எப்படி இருக்கிறார்கள்? வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யில் முதியோர் வறுமை மிக அதிகமாக இருக்கும் நாடு தென்கொரியா. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் வறுமையில். முதியோர் தற்கொலையிலும் முன்வரிசை. பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று உடனே சொல்வீர்கள். கதை அப்படி இல்லை. பெற்றோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், அதுதான் நம் பண்பாடு என்று அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்தது. தேசிய ஓய்வூதியம் 1988இல்தான் வந்தது, எல்லாருக்கும் விரிந்தது 1999இல். நாட்டைக் கட்டிய தலைமுறை சேமிப்பை எல்லாம் பிள்ளைகள் படிப்பில் போட்டுவிட்டு, ஓய்வூதியமும் இல்லாமல் முதுமைக்கு வந்து சேர்ந்தது. பண்பாட்டைக் காட்டித் தப்பித்த அரசின் கடனை அவர்கள் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாசம் தானாகச் சுரக்கும் என்றால் சட்டம் எதற்கு? சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் போட்டது. சீனா, பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்று 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலேயே எழுதியது. அந்தக் கன்பூசியக் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு ஓர் எண் போதும்: 2023இல் தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. வீட்டு விலையும் பள்ளிச் செலவும் வேலை நேரமும் இதில் சேர்த்தி. ஆனாலும் மருமகள் என்ற உத்தியோகத்துக்கு விண்ணப்பம் குறைந்துபோனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குடும்பத் தலைவர் ஆண்தான் என்று பதிவு செய்த ஹோஜு முறையைக் கொரியர்களே 2005இல் ஒழித்து, 2008 முதல் புதுப் பதிவுக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் இறக்கி வைத்ததை நாம் தலையில் ஏற்றிக்கொள்ளத் துடிக்கிறோம்.

6. இங்கே கணக்கு யார் பெயரில்?

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயிலில் ஏறினால் தெற்கே ஆறாவது நிறுத்தம் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது ஆண்டு ஆனது, 1989. இன்று சட்டம் இருக்கிறது. ஆனால் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் போய் நில்லுங்கள். ஜி.எஸ்.டி. சாலையோரம் மனை விலை ஏறிய பிறகு, அண்ணன் தம்பி பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வந்து நிற்கும் தங்கைகளைப் பார்க்கலாம். ‘சீர் செய்தாச்சே, நாளைக்குப் பொறந்த வீட்டு வாசல் வேணாமா’ என்ற ஒரு வாக்கியத்தில் 1989 கரைந்துபோகிறது. நம் பெருமைக்குரிய பழைய குடும்பத்தின் நடப்புச் செயல்முறை இது. சைம்தாங்கின் மகள்களுக்கு 1566இல் கிடைத்தது ஊரப்பாக்கத்து மகளுக்கு இன்னும் கைக்கு வரவில்லை.

பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்கான நம் சட்டம் 2007இல் வந்தது. மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ‘பார்த்துக்கொள்வான்’ என்ற நிபந்தனையோடு மகனுக்கு எழுதிக்கொடுத்த தான செட்டில்மென்டை, அவன் பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யவும் 23ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்று யார் யார் வருகிறார்கள்? மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் இல்லை. ஆனால் வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுப்பதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் இரவில் எழுந்து கழிவறைக்குக் கூட்டிப்போவதும் யார்? 2019இல் இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் செலவிடுவது ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இந்த ஐந்து மணி நேரத்தோடு தாம்பரம் வரை நெரிசல் வண்டியில் போய்வரும் வேலையும் சேர்ந்த ஒரு பெண்ணிடம் போய், ‘கொரிய ராணியைப் பார்’ என்கிறோம்.

தனியாக இருக்கும் பெரியவருக்கு வேண்டியது வேறு. பகலில் போய் உட்கார ஓர் இல்லம், வீட்டுக்கு வரும் செவிலியர், படியேற முடியாதவருக்கு லிஃப்ட், கௌரவமாக வாழப் போதுமான ஓய்வூதியம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். எண்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு வெறும் 200, அதுவும் ஆண்டுக்கணக்காக ஏறாமல். காலை நடையில் இதைப் பற்றிப் பேச்சு எழுவதே இல்லை. அரசிடம் கேட்க வேண்டியதை மருமகளிடம் கேட்பது எளிது. அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. பெற்றோர் இறந்தால் அரசு அதிகாரியான மகன் பதவியை விட்டு விலகி, மூன்றாண்டு துக்கம் என்ற பெயரில் 27 மாதம் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அந்த முடியரசுகளின் விதி. மந்திரியாக இருந்தாலும் சரி. அந்த ஏற்பாடு முழுவதிலும் ஆணின் சம்பளத்தில் கைவைத்த பெரிய விதி இதுதான். ‘பழையபடி குடும்பம்’ என்று முழங்குகிற ஒருவரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. மகிந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் மகனை அம்மாவுக்காக இரண்டேகால் வருடம் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவனுக்கு இ.எம்.ஐ. இருக்கிறது என்பார்கள். மருமகளுக்கும் அதே வீட்டுக்கடன்தான். அவள் பெயரும் அதே பத்திரத்தில் இணைக் கடன்தாரராக இருக்கிறது.